அழுக்குத் தெரியாத நிறம்

ஒன்பது நாளில் ஆறு கடை ஏறி இறங்கியும் மங்களத்துக்கு ஒரு கார்ப்பெட் அமையவில்லை.

"எனக்குப் பொண்ணு பாக்கக்கூட நீங்க இவ்ளோ வீடு ஏறல மா," என்றான் மகன் கோகுலராஜ். இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். பாச்சாங் சிக்னல் விளக்கில் வண்டிகள் நகரவே இல்லை. மழையும் பெய்வதும் நிற்பதுமாகக் காலையிலிருந்து உயிரை வாங்கியது.

"பொண்ணுன்னா வந்ததுக்கப்பறம் பேசித் திருத்திக்கலாம்டா. கார்ப்பெட்டைத் திருத்த முடியுமா?"

பின் இருக்கையில் நான்கு கால் வாக்கர் ஒன்று குறுக்கே கிடந்தது. அது அவள் புருசன் வீராசாமியுடையது. எந்தக் கடைக்குப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் இறங்குவாள். விரித்துக் காட்டுகிற கார்ப்பெட்டின் மேல் அதை ஊன்றி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து பார்ப்பாள். முந்தின கடையில் ஒரு சீனக் கிழவர் ஓடி வந்து நாற்காலி போட்டு, பாவம், தண்ணீர் வேறு கொடுத்தார்.

வீராசாமி முப்பது வருசம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்தை விட்டு டுரியான் துங்கால் மலிவு விலை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கிடங்குக்குக் காவலாக ஜாகா வேலை பார்த்தார். உட்கார்ந்தே இருந்த வேலை. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அப்போதுதான் உள்ளே நுழைந்தது. பெருவிரலில் ஆரம்பித்த புண் மேலே ஏறி, ஆகஸ்டு மாதம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இடது கால் ஒன்று. அதிலும் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. கொசு கடித்தாலும் தெரியாது, கொள்ளி பட்டாலும் தெரியாது. அந்த ஒரு காலைக் காப்பாற்றிக்கொள்வதுதான் இப்போது அந்த வீட்டில் எல்லாருக்கும் வேலை.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினாள். "லந்தாய் ஜாங்ஙான் லிச்சின். காக்கி ஜாங்ஙான் கோசோங்." தரை வழுக்கக் கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட வேண்டும். மங்களம் இரண்டுக்கும் தலையாட்டினாள். வீட்டில் வந்து முதலாவதை மட்டும் சொன்னாள். இரண்டாவதை விழுங்கிவிட்டாள்.

விழுங்கினதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வீட்டு ஹாலிலேயேதான் சாமி மேடை. முருகன், மாரியம்மன், தோட்டத்திலிருந்து சட்டத்தோடு தூக்கி வந்த முனீஸ்வரர் படம். அதற்கு முன்னால் செருப்புக்கால் பட்டால் வீராசாமி மனுசராக இருக்க மாட்டார். ஒரு முறை கூரையில் டிவி டிஷ் தட்டு மாட்ட வந்த ஆள் பூட்ஸோடு ஹாலுக்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டான். கூரை மேல் பாதி வேலை கிடக்க, அவனைப் படலைத் தாண்டி விரட்டிவிட்டுத்தான் மனுசர் உட்கார்ந்தார். மூன்று வாரம் வீட்டில் டிவி ஓடவில்லை. மங்களம் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பேரும் வைத்துவிட்டார்கள். இந்த ஆளிடம் போய், செருப்புப் போட்டுக்கொண்டு சாமி முன்னால் நடங்கள் என்று யார் சொல்வது?

அதனால் பேச்சு முழுக்கத் தரையைப் பற்றியே ஆகிவிட்டது.

தரையிலும் குற்றம் இருந்தது, இல்லாமல் இல்லை. அவர்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி ஹாலுக்குப் புதுத் திக்கார் கெத்தா போடுவார்கள். பூப்போட்ட பளபள பிளாஸ்டிக் விரிப்பு. போன வருசத்து விரிப்பு படுக்கையறைக்குப் போகும். அறையில் கிடந்தது அடுப்படிக்கு. அடுப்படியில் கிடந்தது பின்கட்டுக்கு. பின்கட்டில் கிடந்தது கோழிக்கூட்டின் மேல். அரசாங்க உத்தியோகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக வரிசை கிடையாது. வீராசாமி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சோப்புப் போட்டுத் துடைத்திருந்த அந்தப் பளபளப்பில் வாக்கர் வழுக்கி, வெட்டின காலின் மேலேயே விழுந்தார். ஆறு தையல். அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஜனவரியில் செயற்கைக் கால் அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நடந்து பழகாவிட்டால் இருக்கிற காலும் சூம்பிப் போகும்.

"கார்ப்பெட் போட்டா நடப்பீங்களா?" என்று மங்களம் கேட்டாள்.

"போட்டுக் காட்டு. பாப்போம்," என்றார் அவர், ஏதோ இவளுக்குச் சலுகை கொடுக்கிறவர் மாதிரி.

ஏழாவது கடை பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு வரிசையில் இருந்தது. தீபாவளி மலிவு என்று பலகை. உள்ளே சுருட்டி நிறுத்திய கார்ப்பெட்டுகளின் வாசனையில் தும்மல் வந்தது. அகல்யா என்ற தமிழ்ப் பெண் வேலைக்கு நின்றாள். நல்லவேளை, மலாயில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

"ஆன்டி, இது புசுபுசு டைப். அஞ்சுக்கு ஏழு. எம்பத்தொம்பது வெள்ளிதான். இப்ப எல்லாரும் இதான் எடுக்குறாங்க."

மங்களம் வாக்கரை ஊன்றினாள். நான்கு காலும் புல்லுக்குள் புதைகிற மாதிரி புதைந்தன. தள்ளினால் கார்ப்பெட்டும் கூடவே வந்தது.

"இது எங்கூட்டுக்காரர பாத்ரூம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடும்மா. வேற காட்டு."

"அப்ப இது பாருங்க. ஆபீஸ் கார்ப்பெட். துண்டு துண்டா ஒட்டிக்கிறது. ஒரு துண்டு ஒம்பது வெள்ளி. ஹால் சைஸ் என்னா?"

"பத்துக்குப் பன்னெண்டு."

கோகுலராஜ் கைப்பேசியில் தட்டினான். "நாப்பத்தஞ்சு துண்டு வேணும். நானூத்தி அஞ்சு வெள்ளி. பசை தனி. ஓகேலா மா, இதையே எடுத்துருவோம். வாக்கர் நகராது."

"இத நான் யூனிவர்சிட்டி கூட்டுற வேலைல டெய்லி கழுவுறேன்டா. ஒருத்தன் தே ஓ தேத்தண்ணிய ஊத்துனான்னா அஞ்சு வருசத்துக்கு அங்கேயே கெடக்கும். கையால தொட்டுப் பாரு, உப்புத்தாள் மாதிரி இருக்கு. அப்பா பாதம் தாங்குமா?"

"தாங்காதுன்னா செருப்பு..." என்று ஆரம்பித்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அகல்யா சலிக்காமல் அடுத்ததை இழுத்தாள். "இது கம்பளி ஆன்டி. கைத்தறி. ரொம்ப சாஃப்ட். தொட்டுப் பாருங்களேன்."

மங்களம் நடந்து பார்த்தாள். பாதத்தை யாரோ கையில் தாங்குகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடியவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டாள். "எவ்ளோம்மா?"

"மூவாயிரத்து எண்ணூறு."

"இந்த வெலைக்கு ஆட்டையே வாங்கி ஹால்ல கட்டிறலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதை விட்டு இறங்க அவளுக்கு மனமே வரவில்லை. ஒரு காலைக் காப்பாற்றக்கூடிய தரை உலகத்தில் இருக்கிறது, அது தனக்கு இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக ஒன்பது நாள் அலைந்திருக்கிறோமே என்று ஆத்திரமாக வந்தது.

கடைசியில் ஒரு துருக்கி கார்ப்பெட்டில் வந்து நின்றார்கள். மிஷினில் நெய்தது. ரோமம் குட்டை, நெருக்கம் அதிகம், அடியில் ரப்பர். வாக்கர் புதையவும் இல்லை, வழுக்கவும் இல்லை. எட்டுக்குப் பத்து. ஐநூற்று அறுபது, மலிவில் நானூற்று எண்பது.

"மா, சதுர அடிக்கு ஆறு வெள்ளி மா. அந்தப் புசுபுசு ரெண்டரை வெள்ளிதான் வருது. நானூத்தி எம்பது! அப்பா கேட்டா என்ன செய்வாரு தெரியும்லா?"

"ஒங்கணக்கு அடிக் கணக்கு. எங்கணக்கு தீவாளிக் கணக்கு. ஏம்மா, இது எத்தன தீவாளி தாங்கும்?"

"எட்டு வருசம் தாராளமா வரும் ஆன்டி."

"எட்டுத் தீவாளின்னா, தீவாளிக்கு அறுவது வெள்ளி. திக்கார் கெத்தா வருசத்துக்கு அறுவத்தஞ்சு. பாத்தியா, அஞ்சு வெள்ளி லாபம்."

கோகுலராஜ் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அம்மாவின் கணக்கை மறுத்துப் பேச அவன் படித்த படிப்பு போதாது.

இரண்டு நிறம் இருந்தது. இளமஞ்சள் ஒன்று, கருஞ்சிவப்பு ஒன்று. "இந்த லைட் கலர் எடுங்க ஆன்டி, ஹால் பெருசாத் தெரியும்," என்றாள் அகல்யா.

"பெருசாத் தெரிஞ்சு என்னா செய்ய? செவப்பே குடு. அழுக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து கார்ப்பெட்டைக் காரிலிருந்து இறக்கியதும் முதல் வேலையாக விலைச்சீட்டைத் தேடினாள். ஒரு மூலையில் மஞ்சள் அட்டை, தடித்த கம்பி ஊசியால் குத்தியிருந்தது. உள்ளேயிருந்து வீராசாமி, "வந்தாச்சா? எவ்ளோ?" என்று குரல் கொடுத்தார். மங்களம் அட்டையைப் பிடித்து வெடுக்கென்று கிழித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"நூத்தி எம்பது!" என்று பதில் சொன்னாள்.

"நூத்தி எம்பதா? தரைல போடுறதுக்கா? நூத்தி எம்பது வெள்ளிக்கு நான் படுத்தே கெடந்திருப்பேனே!"

கோகுலராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழைய பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டுக் கார்ப்பெட்டை விரித்தான். அட்டை இருந்த மூலை, நாற்காலியிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில் அமைந்தது.

வீராசாமி நடந்தார். முதல் நாள் குளியலறை வரை. இரண்டாம் நாள் வாசல் வரை. மூன்றாம் நாள் தானாகவே எழுந்து சாமி மேடைக்கு முன்னால் போய் நின்று, ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். அதைப் பார்த்து மங்களம் அடுப்படியில் கொஞ்சம் அழுதாள். பக்கத்து வீட்டுத் தம்புசாமி வந்து கார்ப்பெட்டை மிதித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நூத்தி எம்பதுக்கு இது சும்மாலா! எனக்கும் ஒண்ணு சொல்லிரு," என்று இருநூறு வெள்ளியை நீட்டினார். "ஸ்டாக் முடிஞ்சிருச்சிண்ணே," என்று சமாளித்தாள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும்.

வழக்கமாக ராத்திரி படுக்கும் முன் வீராசாமியின் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அந்த வாரம் தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் வந்து குவிந்துவிட்டது. நாற்பது டப்பா. பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை முடிந்து வந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது இடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. "இன்னிக்கு வேண்டாம் போ, காலு நல்லாத்தான் இருக்கு," என்று அவரே சொன்னார். இரண்டு ராத்திரி பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டும்போதுதான் கார்ப்பெட்டில் அங்கங்கே விளக்குமாறு தடுக்கிற மாதிரி இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். கஞ்சி கொட்டிக் காய்ந்தது போல ரோமம் விறைத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். துணி சிவந்தது. வாளித் தண்ணீரில் அலசினாள். தண்ணீரும் சிவந்தது.

நானூற்று எண்பது வெள்ளி! எட்டுத் தீபாவளி! அடுப்படிக்குப் போய், உள்ளே கேட்காத குரலில் கடைக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா அகல்யா, என்னாம்மா கார்ப்பெட்டு குடுத்திருக்க? ஒரு வாரம் ஆவல, சாயம் போவுது! எங்கள என்னான்னு நெனச்சீங்க? தோட்டத்து ஆளுங்க, எதக் குடுத்தாலும் வாங்கிட்டுப் போவாங்கன்னா?"

"ஐயோ ஆன்டி, சாயம் போகாது. அதுல சாயமே போட மாட்டாங்க ஆன்டி. நூலு செய்யும்போதே கலரோடதான் வரும். எவ்ளோ கழுவுனாலும் போகாது."

"எங்கையில இருக்கு துணி, செவ செவன்னு! நான் என்னா பொய்யா சொல்றேன்?"

"ஆன்டி, முழுக்கப் போகுதா, ஒரு எடத்துல மட்டும் போகுதா? மேல ஏதாச்சும் கொட்டியிருக்கும். நல்லாப் பாருங்களேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே மங்களம் ஹாலுக்கு வந்தாள். நின்றவாறே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மண்டியிட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். ஒரு விறைப்பு. ஓரடி தள்ளி இன்னொன்று. இன்னோரடி தள்ளி இன்னொன்று. நாற்காலியில் ஆரம்பித்துக் குளியலறை வரைக்கும் ஒற்றை வரிசையாகப் போனது. திரும்பி வந்த வரிசை பக்கத்திலேயே. ஒன்று சாமி மேடைக்குப் போனது.

"ஆன்டி? ஹலோ?"

மங்களம் போனைக் கீழே வைத்தாள். நாற்காலிக்கு முன்னால் போய் வீராசாமியின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னாடி? என்னா இருக்கு?" என்றார் அவர். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்.

கிளினிக்கில் திங்கட்கிழமைக் கூட்டம். நம்பர் எடுத்து இரண்டு மணி நேரம். கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் சின்ன இடுக்கியால் குதிகாலுக்கு முன்னால் இருந்த ஓட்டையில் துழாவி, ஒரு கம்பி ஊசியை எடுத்து இரும்புத் தட்டில் போட்டார். டிங் என்றது. ஊசியில் ஒரு நுனி மஞ்சள் அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாள் போயிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்றார் டாக்டர். ஒரு வாரம் மருந்து, நாள் விட்டு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும். கால் தப்பும், ஆனால் இனி வெறுங்காலோடு ஓர் எட்டு வைக்கக் கூடாது. எங்கேயுமே கூடாது என்று மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வீராசாமி கேட்டார்.

"அது என்னா மஞ்சத் தாளு?"

"வெலச்சீட்டு."

"கிழிச்சியா?"

"கிழிச்சேன். ஊசி அங்கேயே நின்னுருச்சி."

"எவ்ளோ?"

"நானூத்தி எம்பது."

கத்துவார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் கத்தவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த டெங்கிக் கொசுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் டுரியான் துங்கால் கடைத்தெருவில் மகனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். இந்த முறை வாக்கர் எடுக்கவில்லை, விலை கேட்கவில்லை, கண்ணை மூடி நடக்கவில்லை. இரண்டே நிமிடத்தில் ஒரு பையோடு வந்து காரில் ஏறினாள்.

கோகுலராஜ் கார்ப்பெட்டைச் சுருட்டி அறையோரம் நிறுத்தினான். பழைய சிமெண்டுத் தரை துடைத்தது துடைத்தபடி கிடந்தது. மங்களம் பையைப் பிரித்து ஒரு சோடி செருப்பை எடுத்தாள். மெத்தென்ற அடி, விரல் மூடின முன்பக்கம், பின்னால் வார்.

வீராசாமி பார்த்தார். "எடு அத."

"போட்டுக்கணும்."

"சாமி இருக்குடி."

"இருக்கட்டும்."

"மங்களம், நான் இந்த வீட்டுல யாரையும்..."

"தெரியும்! டிவிக்காரன வெரட்டுனீங்க. எனக்குத் தெரியாதா?" அவள் குரல் அடுத்த வீடு வரை போயிருக்கும். "அந்த மிஸ்ஸி அன்னிக்கே சொன்னா. செருப்புப் போடச் சொல்லி மொதநாளே சொன்னா. நாந்தான் ஒங்களுக்குப் பயந்துகிட்டு மறைச்சேன். ஒங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லப் பயந்துகிட்டு, ஏழு கட, நானூத்தி எம்பது வெள்ளி! செவப்பு எடுத்தா அழுக்குத் தெரியாதுன்னு எடுத்தேன். என்னா தெரியாமப் போச்சி, பாத்தீங்களா? ரெண்டு நாளு ஒங்க ரத்தத்து மேலதான் நான் நடந்துட்டிருந்திருக்கேன். இன்னொரு காலையும் எடுத்துட்டாங்கன்னா சாமிய எங்க நின்னு கும்புடுவீங்க? சொல்லுங்களேன்!"

கோகுலராஜ் திரும்பிப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து அம்மா இவ்வளவு நீளமாக அப்பாவிடம் பேசி அவன் கேட்டதில்லை.

மங்களம் இடது செருப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மஞ்சள் தண்ணீரில் அடியும் மேலுமாகக் கழுவித் துடைத்தாள். கொண்டு வந்து சாமி மேடைக்கு முன்னால் தரையில் வைத்துச் சூடம் ஏற்றினாள். முருகனுக்கு ஒரு சுற்று, மாரியம்மனுக்கு ஒரு சுற்று, முனீஸ்வரருக்கு ஒரு சுற்று. பிறகு கையைத் தாழ்த்திச் செருப்புக்கும் ஒரு சுற்று.

"செருப்புக்குச் சூடம் காட்டுற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றார் வீராசாமி. குரலில் பழைய காரம் இல்லை.

"பாத்துக்குங்க. இந்தச் செருப்பு ரோட்டுச் சடக்க மிதிச்சதில்ல, இனியும் மிதிக்காது. காலத் தூக்குங்க."

வீராசாமி முனீஸ்வரர் படத்தைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கினார். கட்டுப் போட்ட பாதம் உள்ளே நுழைகிற அளவுக்கு வாரைத் தளர்த்தி, அவள் மெதுவாகச் செருகி மாட்டினாள்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த வீட்டுக்குள் முதல் தடவையாகச் செருப்புச் சத்தம் கேட்டது. ஓர் எட்டு வைப்பார், நிற்பார், சாமியைப் பார்ப்பார், மறுபடி ஓர் எட்டு வைப்பார். ஒவ்வொரு எட்டுக்கும் அவர் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்கிறாரோ, எட்டுகளை எண்ணுகிறாரோ, மங்களம் கேட்கவில்லை.

பையில் வலது கால் செருப்பு மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள்.

"அத எங்க கொண்டு போற?" என்றார் வீராசாமி.

"வெளிய வைக்கப் போறேன். அந்தக் காலுக்காச்சும் சாமிக்குண்டான மரியாத இருக்கட்டும்."

மழை விட்டிருந்தது. படியில் கிடந்த தன் செருப்பையும் மகனின் செருப்பையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த ஒற்றைச் செருப்பை, வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனவர் வைத்தது போல, வாசலைப் பார்த்து நேராக வைத்தாள்.